எனக்கு டம்ளர் வேண்டாம்

“எனக்கு டம்ளர் வேண்டாம்.” இந்த வாக்கியத்துக்குள் ஒரு குடம் இருக்கிறது. ‘எனக்கு’ என்பதன் கடைசி எழுத்தோடு ‘டம்ளர்’ என்பதன் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் கிடைத்துவிடும். கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. காது கொஞ்சம் நிதானமானது. இடைவெளி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் குடம் தானாக வெளியே வரும்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இந்த விளையாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒளித்து வைக்கிற பொருள் உடையக்கூடியதாக இருக்க வேண்டும். உடையலாம், முறியலாம், அறுந்து போகலாம், நொறுங்கலாம். செம்புக்கு இடமில்லை, அது நசுங்குமே தவிர உடையாது. கடப்பாரைக்கும் இடமில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர் தாத்தா. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். “உடையுற சாமானத்தாம்ல உடைச்சு ஒளிக்க முடியும்” என்பார். ஒரு சொல்லை இரண்டாக உடைத்து, முன்பாதியை ஒரு சொல்லின் வாலிலும் பின்பாதியை அடுத்த சொல்லின் தலையிலும் வைத்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் இரண்டையும் ஒட்டி எடுக்க வேண்டும்.

தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி. கரண்டு இருக்கும்வரை பேச்சுச் சத்தம் கேட்காது. நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், இன்றைக்கும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கரண்டு போனதும் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் திண்ணைக்கு ஆள் சேரும். பக்கத்து வீட்டு அத்தை முறத்தோடு வந்து உட்காருவார். ஆச்சி முந்தானையால் விசிறிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

ஆச்சியுடையது வேறு ரகம். அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் எழுத்தை உடைக்கிற வேலையும் இல்லை. அவள் போடுவது அழிப்பாங்கதை. திருநெல்வேலிச் சீமையில் விடுகதைக்கு அதுதான் பெயர். “ஒரு கதை போடுதேன், அழி பாப்போம்” என்பாள். ஒரு சாடிக்குள் இரண்டு எண்ணெய், ஒன்றோடொன்று கலக்காது: முட்டை. மூன்று கண் உண்டு, சிவன் இல்லை: தேங்காய். நான் சிரித்தால் சிரிப்பான், நான் அழுதால் அழுவான்: கண்ணாடி. இவை தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிறவைதான். ஆனால் ஆச்சி போட்டவற்றை இப்போது நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கிறபோது, முக்கால்வாசிக்கு விடை உடையும் பொருளாகவே இருக்கிறது. முட்டை, பானை, விளக்கு, அப்பளம், வளையல். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று சொல்லி வைத்தவை எல்லாம் கதையில் வந்தன. கையால் தொட முடியாததை வாயால் தொடுவதற்கு அவள் ஒரு வழி செய்து கொடுத்தாள் என்றே நினைக்கிறேன்.

தொல்காப்பியம் செய்யுளியலில் இதற்குப் பிசி என்று பெயர். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்று பெரிய பெரிய வகைகளை எண்ணிக்கொண்டு போகிற இடத்திலேயே பிசியையும் ஒன்றாக வைத்து எண்ணியிருக்கிறார் தொல்காப்பியர். பிசியை இரண்டு வகையாகவும் பிரித்திருக்கிறார்: ஒப்பிட்டுச் சொல்வது ஒன்று, சொல்லப்படுவதிலிருந்து துணிந்து அறிய வைப்பது மற்றொன்று. மிகப் பழமையான இலக்கண நூல் ஒன்று, எழுத்தறியாத கிழவியின் திண்ணை விளையாட்டைச் செய்யுளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. நம் காலத்திலும் ஆறு. இராமநாதன் தமிழ்ப் புதிர்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்று தனித் துறை நடந்தது. இதெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் “அதுக்கென்ன இப்போ, நீ அழி” என்றுதான் சொல்லியிருப்பாள்.

கண்ணாடிக்கு வருகிறேன். கண்ணாடியை வாக்கியத்துக்குள் ஒளிப்பது தாத்தாவுக்குப் பெரிய சவாலாக இருந்தது. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. உயிர் பன்னிரண்டும் வரும். மெய்களில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங வரிசைகள் வரும் என்கிறார் நன்னூலின் பவணந்தி. மிச்சம் எட்டு: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இவை சொல்லின் தலையில் நிற்கா. ஒரு சொல்லை இரண்டாக உடைத்து ஒளிக்க வேண்டுமானால், பின்பாதி இன்னொரு சொல்லின் தலையாக வேண்டும் அல்லவா? கண்ணாடியை எங்கே உடைப்பது? ‘க’ போனால் ‘ண்ணாடி’. ‘கண்’ போனால் ‘ணாடி’. ‘கண்ணா’ போனால் ‘டி’. ண் ஆகாது, ணா ஆகாது, டி ஆகாது. கைதவறினால் சுக்குநூறாகும் கண்ணாடி, இலக்கணத்துக்குள் உடையவே மறுத்தது.

ஒரு நாள் காலை அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “கண்ணா, டிபன் ஆறுதுல்ல!”

தாத்தா திண்ணையிலிருந்து எழுந்தே விட்டார். கண்ணா டிபன். கண்ணாடி! பவணந்தி சாத்தி வைத்திருந்த கதவை ஓட்டல்காரர்கள் திறந்துவிட்டார்கள். டிபன், டம்ளர், டிக்கெட், லைட், லாரி, ரயில், ரேடியோ என்று வெளியிலிருந்து வந்த சொற்கள் ட, ர, ல மூன்றையும் சொல்லின் முதலில் கொண்டுவந்து நிறுத்தின. அதற்குப் பிறகுதான் திண்ணை விளையாட்டு களைகட்டியது. “ராஜா டிக்கெட் எடுத்தாச்சா?” இதில் ஜாடி. பள்ளிக்கூட வாசலில், “மீனாட்சி லேட்டு!” இதில் சிலேட்டு, முழுசாக. தாத்தா தனித்தமிழில் பிடிப்புள்ளவர். எழுதும்போது ஒரு வடசொல் வராது. ஆனாலும் இந்த விளையாட்டில் மட்டும் கடைத்தெருச் சொற்களை இரு கை நீட்டி வரவேற்றார். அந்தச் சொற்கள் வராவிட்டால் கண்ணாடி உடையாமலே கிடந்திருக்கும்.

ண, ழ, ள, ற, ன ஐந்தும் இன்றுவரை அசையவில்லை. எந்த மொழியிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் தமிழில் எழுதும்போது இந்த ஐந்தும் முதலில் வருவதில்லை. நைலான் வந்தாலும் ‘ந’தான் போடுகிறோம். அதனால் பானையை உடைத்து ஒளிக்க வழி இல்லை; ‘னை’ என்று தொடங்கும் சொல் ஒன்று பிறக்க வேண்டும். கிளையும் அப்படித்தான். முட்டையும் அசையாது. தேங்காயும் அசையாது. பிள்ளையார் முன்னால் ஒரே வீச்சில் சிதறுகிற தேங்காய்க்கு வாக்கியத்தில் ஒரு கீறலும் விழாது.

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு இன்னொரு சிக்கல். அ, ஆ, இ என்று தனி உயிராக எழுதுவது சொல்லின் தலையில் மட்டும்தான். நடுவில் வந்தால் மெய்யோடு ஏறிக்கொள்ளும். அதனால் ஓடு, அப்பளம், இழை, எலும்பு முதலியவை ஒரு சொல்லின் வால்பகுதியில் ஒளிய முடியாது. தலையில் ஒளியலாம். “பிள்ளை ஓடுகிறான்” என்றால் அவனோடு ஒரு கூரை ஓடும் போகிறது. தெருவில் பந்து விளையாடி நாங்கள் உடைத்த ஓடுகளை நினைத்தால் அந்த வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது.

இழை என்றதும் தறிக்குப் போகிறது மனம். தறி வீட்டில் மிக அதிகமாக உடைகிற பொருள் எது என்று கேட்டால், பானையும் கண்ணாடியும் இல்லை. நூல். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விட வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணியில் நெடுகக் கோடு விழும். எங்கள் சித்தப்பா ஒரே நேரத்தில் இரண்டு தறி பார்ப்பார். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் இழை அறுந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். கேட்டால், “சத்தம் மாறுதுல்லா” என்பார். எங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. வாக்கியத்தில் ஒளிந்த சொல்லைக் கண்டுபிடிப்பதிலும் அவர்தான் முதல் ஆள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் எங்கே பிசிறு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

அவர் ஒளித்த சொல் தறியிலிருந்தே வரும். நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றிய குச்சிக்குத் தார் என்று பெயர். தாத்தாவைப் பார்த்து ஒருநாள், “மாமா வந்தார், உக்கார்ந்தார், சாப்பிட்டார். எத்தனை தார்?” என்று கேட்டார். வந்தார், உக்கார்ந்தார் இரண்டிலும் இருக்கிறது. ‘சாப்பிட்டார்’ கணக்கில் வராது. மரியாதையாக ஒருவரைப் பற்றிப் பேசினாலே பாதி வினைச்சொல்லில் தார் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பதறினாலும் சிதறினாலும் கதறினாலும் தறி இருக்கிறது. நெசவு செய்கிற ஊர்க்காரன் இதையெல்லாம் தற்செயல் என்று தெரிந்தே ரசிக்கிறான்.

இந்த ரசனை எங்கள் ஊருக்குத் திண்ணையிலிருந்து மட்டும் வந்ததில்லை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் சென்னிகுளம் என்று ஒரு ஊர். காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். காவடிச்சிந்தை மேடைதோறும் பாடுகிறார்கள். அதனால் ரெட்டியார் என்றால் சிந்து என்று ஆகிவிட்டது. ஆனால் அவர் எங்கள் கோவில்மேல் ஒரு திரிபந்தாதியும், அம்மன்மேல் கோமதி அந்தாதியும் பாடியிருக்கிறார். 1891-இல், இன்னும் இளைஞராக இருக்கும்போதே போய்விட்டார். தாத்தா அவரை ‘நம்ம ரெட்டியார்’ என்றுதான் சொல்வார், ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் போல.

திரிபு என்பது என்ன? ஒரு பாட்டின் நான்கு அடியிலும் முதல் எழுத்து மட்டும் மாறும். இரண்டாம் எழுத்திலிருந்து பல எழுத்துகள் அப்படியே திரும்ப வரும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் சொல் உடைகிற இடம் வேறு, அதனால் பொருளும் வேறு. தாத்தா இதை எனக்கு எளிமையாகக் காட்டினார். தாமரை, நாமரை, மாமரை. முதல் எழுத்து மூன்று. ‘மரை’ மூன்றிலும் ஒன்று. தாமரை உடையாத பூ. நாமரை என்பது நாம் அரை. மாமரை என்பது பெரிய மான். எழுத்து அதேதான், கத்தி விழுகிற இடம்தான் மாறுகிறது. அடுக்கடுக்காக இப்படியே பாடிக்கொண்டு போய், ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாகவும் வைக்க வேண்டும். அதுதான் திரிபந்தாதி. தமிழ் எங்கெங்கே உடையும், எங்கே உடையாது என்று விரல் நுனியில் தெரியாமல் ஒருவரால் அதை எழுத முடியாது. இதைச் சொல் சிலம்பம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெசவாளி நூலைத் தொட்டுப் பார்ப்பதைப்போல மொழியைத் தொட்டுப் பார்த்தவர்கள் திரிபு பாடியவர்கள்.

‘நாம் அரை’ என்று தாத்தா சும்மா எடுக்கவில்லை. எங்கள் கோவிலில் நடுச் சந்நிதியில் இருப்பவர் சங்கரநாராயணர். ஒரே உருவத்தில் பாதி சிவன், பாதி திருமால். ஈசனும் திருமாலும் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்று கோமதி அம்மன் புன்னைவனத்தில் தவம் இருந்ததாகவும், ஆடி மாதம் அந்தக் காட்சி கிடைத்ததாகவும் தலபுராணம். அதுதான் ஆடித்தபசு. ஊர் முழுக்க அன்றைக்குத் தெருவில் நிற்கும். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாடிக் கடைசியில் இந்தக் காட்சியைப் பார்த்து அடங்கின என்பதும் அதே கதையில் வருகிறது. கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். கைக்கு வந்ததும் உதிரும், நெற்றியில் இட்டால் ஒட்டிக்கொள்ளும்.

“நாகம் புற்றுக்குள் போனது.” கோவிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது தாத்தா இதைப் போட்டார். உடையும் பொருள் எங்கே? நாங்கள் புற்று, புற்று என்று அதையே சுற்றிக்கொண்டிருந்தோம். அக்காதான் கண்டுபிடித்தாள். நாகம் புற்று: கம்பு. பாம்பைப் பார்த்தவன் தேடுகிற முதல் பொருள் பாம்புக்கும் புற்றுக்கும் நடுவிலேயே கிடந்திருக்கிறது. அக்கா அன்றைக்கு ஊர்வலம் போகிற மாதிரி நடந்தாள்.

நாகம் என்றால் நாகபந்தத்தைச் சொல்லாமல் போக முடியாது. தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கப்படும் மாலைமாற்று, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், கேட்ட கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் கடைசி விடை வருகிற வினாவுத்தரம். அந்த வரிசையில் ஒன்று நாகபந்தம். பின்னிக்கொண்டு நிற்கிற இரண்டு பாம்பின் படம் போட்டு, இரண்டு பாட்டை அவற்றின் உடல் நெடுக எழுதுவார்கள். பாம்புகள் ஒன்றையொன்று கடக்கிற சந்தியில் ஓர் எழுத்து நிற்கும். அது இரண்டு பாட்டுக்கும் பொது. தாத்தா சாக்பீஸால் திண்ணையில் இரண்டு பாம்பு போட்டு, இது சங்கன், இது பதுமன் என்று பெயரும் வைத்து, கட்டங்களில் எங்கள் பெயர்களை எழுதிக் காட்டினார். தண்ணீர் தெளித்துக் கழுவ வந்த அம்மா, பாம்பைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டுத் தெளித்தாள்.

இன்னொன்றும் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சங்கரன்கோவில். கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள்: வில். எந்தக் கோவிலுக்குள்ளும் அது இருக்கும், ஆனால் எங்கள் ஊரில் அது சங்கரனுக்குப் பின்னால் வருகிறது. சனகனிடம் இருந்தது சிவதனுசு, சங்கரனின் வில். அதை எடுத்து ஒடித்தவன் இராமன், திருமாலின் அவதாரம். சிவனும் திருமாலும் ஒன்றாக நிற்கிற ஊரின் பெயருக்குள், ஒருவர் வைத்திருந்து இன்னொருவர் ஒடித்த வில் இருக்கிறது. தாத்தா இதைச் சொல்லிவிட்டு வேறு எதுவும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் ஒரு புதிர் போட அன்றைக்கு அவருக்கு மனம் வரவில்லை.

காகிதத்தில் கட்டம் கட்டுகிற புதிர் வெகு பின்னால் வந்தது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வெளியிட்டதை முதல் குறுக்கெழுத்து என்று சொல்கிறார்கள். 1930-களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் பரிசு வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. அமெரிக்காவிலிருந்து வருகிற தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவை. வாக்கியம் ஒன்றைச் சொல்வதாகத் தோன்றும், விடை எழுத்துகளுக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு வேலை சுலபம். எழுத்துகள் சிறியவை, ஒரு சொல்லுக்கு ஏழு எட்டு எழுத்துக்கூட வரும், எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். தமிழில் ஒரு கட்டத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்து குடியிருக்கின்றன. மூன்று கட்டம், நான்கு கட்டம், சொல் முடிந்துவிடும். வெட்டுவதற்கு இடமே இரண்டு மூன்றுதான், அதிலும் பாதி இடத்தில் இலக்கணம் நிற்கிறது. அதனால் தமிழில் ஒளித்து வைக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லும் கிடைத்தற்கரிய ஒரு பொருத்தம். “கப்பல் புறப்பட்டது” என்பதில் பல்பு கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. பிறகு பார்த்தால் அதே கப்பலுக்குள் பல்லும் இருக்கிறது, அதுவும் உடையும். “பாட்டுக் கேட்க லயம் தெரியணும்” என்பதில் கலயம். “சர்க்கரை” என்றால் கரை. மழைக்காலத்தில் குளத்துக்கு உடையும் கரை. “தவளை” என்றால் வளை.

இலக்கணம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. நான்காம் வேற்றுமையின் ‘கு’வுக்குப் பின் வல்லெழுத்து மிகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அந்த மிகுந்த எழுத்து இந்த விளையாட்டில் கைகொடுக்கிறது. “கோவிலுக்குச் சித்தி போனாள்.” இதில் குச்சி. ‘ச்’ இல்லாமல் ‘கோவிலுக்கு சித்தி’ என்று எழுதினால் ‘குசி’தான் கிடைக்கும், அது எதுவுமில்லை. சந்தி போடாமல் எழுதுகிறவர்களைப் பார்த்துத் தாத்தா கோபப்பட்டதில்லை. “குச்சிய ஒடிச்சுப்புட்டியேலே” என்று மட்டும் சொல்வார். நான் சந்திப்பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டது அந்தக் குச்சியால்தான். வகுப்பில் புணர்ச்சி விதியை எத்தனை பக்கம் எழுதியும் ஏறாதது, ஒரு சிலேட்டுக் குச்சி உடைந்ததில் ஏறிவிட்டது. இப்போதும் பள்ளிகளில் மொழிமுதல் எழுத்தும் வல்லினம் மிகுமிடமும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு பிள்ளை ஒரு பொருளை ஒளிக்கவும் இன்னொரு பிள்ளை எடுக்கவும் முடியும் என்று யாராவது வகுப்பில் காட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆச்சி இறந்தபோது பெரியப்பா கொள்ளிக்குடம் எடுத்தார். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை, தண்ணீர் பீச்சி அடிக்கும், கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். எத்தனையோ மண்குடம் உடைவதைப் பார்த்திருக்கிறேன்; உடைப்பதற்கென்றே வாங்கிய குடத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதன்பின் வெகுநாள் திண்ணையில் குடத்தை யாரும் ஒளிக்கவில்லை. தாத்தாவும் அழிப்பாங்கதையைத் தானே போட்டுப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. ஆச்சி எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் நம் முகத்தைப் பார்ப்பாள் என்பதில்தான் பாதிக் கதை இருந்திருக்கிறது. எழுதி வைத்திருக்கும் தொகுப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது உறைக்கும். விடுகதை இருக்கிறது, விடையும் பக்கத்திலேயே இருக்கிறது, காத்திருப்பு இல்லை.

உடையும் பொருள்களும் மாறிவிட்டன. குடம் பிளாஸ்டிக்காகிவிட்டது, விழுந்தால் உருளும். சிலேட்டே தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் வந்தது. மண்சட்டி விருந்தாளிகளுக்கு எடுக்கிற பண்டமாகிவிட்டது. இன்றைக்கு வீட்டில் உடைந்தால் எல்லோரும் ஓடி வருகிற பொருள் போன். அதை ஒளிப்பது மிகவும் லேசு, “அதைப் போன்ற” என்றாலே உள்ளே வந்துவிடும். பாட்டில் மட்டும் எப்போதும்போல் வெளிப்படையாகவே ஒளிந்திருக்கிறது: “அவள் பாட்டில் என்ன குறை?” உடைகிற பாட்டிலா, பாடுகிற பாட்டா, கேட்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது, சென்னையில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் காது கூர்மை. கோடை விடுமுறைக்கு வந்தவளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். டம்ளரில் குடத்தைச் சட்டென்று எடுத்தாள். கண்ணாடிக்கு அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் அவளைக் கண்ணா என்று கூப்பிடுவார்கள். பானைக்கு வழியே இல்லை என்று பவணந்தியை எடுத்துச் சொன்னேன். ‘னை’யில் தொடங்கும் சொல் கிடையாது, அதனால் பானையை இரண்டு சொல்லுக்கு நடுவில் வைக்க முடியாது என்றேன். சரி மாமா என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கோவிலில் ஆனை நின்றது. கோமதி என்று பெயர். அக்கா மகள் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை என்று கேட்டாள். பாகன் சொன்னார்: “இது பொட்டையாக்கும் தாயி. கொம்பானைக்குத்தான் அது இருக்கும்.”

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, ‘கொம்’ எடுத்துட்டா பானை மாமா!”

கொம்பு, ஆனை, கொம்பானை. குற்றியலுகரம் கெட்டு, மெய்மேல் உயிர் ஏறி, அங்கே முழுசாக ஒரு பானை நின்றிருக்கிறது. உடைக்கவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு சொல் சேர்ந்தாலே போதுமாக இருந்தது. பாகனுக்கு விளக்கிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, “அப்ப அழிச்சுட்டியே தாயி” என்றார். பிறகு அவர் ஒன்று போட்டார்.